அடுப்பு வாங்கினால்தான் சிலிண்டரா?

தக்கலையில் என் சித்தப்பா ஒரு கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ், ஜாப் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ... இந்த மாதிரிக் கடை உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். மொத்தம் ஐந்து கம்ப்யூட்டர். சித்தப்பா குடும்பம் சாப்பிடுவது அந்த ஐந்தை வைத்துத்தான்.

2025 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அவரிடமிருந்து போன்.

"மக்ளே, எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரு அறிவிப்பு வந்துகிட்டே இருக்கு. விண்டோஸ் பத்து முடிஞ்சு போச்சாம். நீ அந்தப் படிப்புதான படிக்க, ஒண்ணு வந்து பாரு."

(கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவனுக்கு பிரிண்டர் முதல் டிவி ரிமோட் வரை எல்லாம் சரி பண்ணத் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.)

மறுநாள் போய்ப் பார்த்தேன். விஷயம் இதுதான். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. அதாவது கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க மாட்டார்கள். தனியாகப் பதிவு செய்துகொண்டால் இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் வரை தள்ளலாம். அதற்குப் பிறகு விண்டோஸ் 11-க்குப் போக வேண்டும். விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும்.

சித்தப்பா கடையில் இரண்டு கம்ப்யூட்டர் கொரோனாவுக்குப் பிறகு வாங்கியவை. அவை தேறிவிட்டன. மற்ற மூன்றும் 2016-லும் 2017-லும் வாங்கியவை. மூன்றும் ஃபெயில்.

"இது மூணும் மாறாது சித்தப்பா. புதுசுதான் வாங்கணும்" என்றேன்.

"எதுக்குலே மாத்தணும்? நல்லா ஓடிட்டுல்லா இருக்கு? ஒரு நாளாவது மக்கர் பண்ணிருக்கா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே மூன்றும் நன்றாகத்தான் ஓடுகின்றன. மூன்று புதுசு வாங்க லட்சத்துக்குப் பக்கமாக வேண்டும். சித்தப்பா மகளுக்கு அந்த வருடம்தான் நர்சிங் காலேஜில் ஃபீஸ் கட்டியிருந்தார்கள்.

சித்தப்பா விடவில்லை. மேஜைக்குள்ளிருந்து ஒரு ஃபைலை எடுத்து பழைய பில்லைக் காட்டினார். "இதுல நான் விண்டோஸுக்கு எவ்வளவு குடுத்தேன்னு சொல்லு பாப்போம்."

பார்த்தேன். பிராசஸர், நினைவகம், ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எல்லாம் ஒரே வரியில். எதிரே ஒரே தொகை. எது எவ்வளவு என்று பிரம்மாவுக்கே தெரியாது.

அன்றைக்கு வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது முழுக்க இந்தக் கேள்விதான் ஓடியது. கம்ப்யூட்டரையும் ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் (தமிழில் இயங்குதளம்) தனித்தனியாக விற்றால் என்ன?

* * *

இந்தக் கேள்வி ஏதோ கணினிக்காரர்களின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டில் எல்லோருக்கும் இது பழக்கம்தான். கேஸ் கனெக்‌ஷன் எடுக்கப் போனால் "அடுப்பும் இங்கேதான் வாங்கணும்" என்று ஏஜென்சியில் சொன்ன கதை இல்லாத தெரு உண்டா? ரேஷன் கடையில் சீனி வேண்டுமென்றால் உப்பும் டீத்தூளும் சேர்த்துத் தலையில் கட்டுவதைப் பார்த்ததில்லையா? ஒன்று வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதைச் சட்டம் சும்மா விடுவதில்லை. 1969-இன் எம்ஆர்டிபி சட்டத்திலும் அது இருந்தது, அதற்குப் பதிலாக வந்த 2002-இன் போட்டிச் சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அடுப்புக்கும் சிலிண்டருக்கும் கோபப்படுகிற நாம், கம்ப்யூட்டருக்கும் விண்டோஸுக்கும் கோபப்படுவதில்லை. காரணம், அது இரண்டு பொருள் என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

ஆரம்பத்தில் உலகத்துக்கே அப்படித் தோன்றவில்லை. 1960-களில் ஐபிஎம் கம்ப்யூட்டரோடு மென்பொருளும் சேர்ந்தே வரும். அதற்கென்று தனி விலை கிடையாது. 1969 ஜனவரியில் அமெரிக்க அரசு ஐபிஎம் மீது ஏகபோக வழக்குப் போட்டது. அதே வருடம் ஜூன் 23-ஆம் தேதி ஐபிஎம், இனிமேல் மென்பொருள்களில் பலவற்றையும் சேவைகளையும் தனியாக விலை வைத்து விற்போம் என்று அறிவித்தது. மென்பொருளைத் தனிச் சரக்காக விற்கிற தொழில் வளர்ந்ததில் அந்த அறிவிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. முதலில் ஐபிஎம் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதில் சேர்க்கவில்லை என்பது வேறு விஷயம். அதுதான் கடைசியாகப் பிரிந்த துண்டு.

பிறகு பிசி காலம் வந்தது. கம்ப்யூட்டரை ஒருவர் செய்தார், இயங்குதளத்தை வேறொருவர் செய்தார். அப்படியானால் பிரிந்துதானே இருக்க வேண்டும்? இல்லை! மைக்ரோசாஃப்ட் ஒரு வழி வைத்திருந்தது. கம்ப்யூட்டர் நிறுவனம் எத்தனை பெட்டி விற்கிறதோ, அத்தனைக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டும். அதில் மைக்ரோசாஃப்ட் இயங்குதளம் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. வேறு இயங்குதளம் போட்டு விற்றால் இரண்டு பேருக்கும் காசு கட்ட வேண்டும். எந்த வியாபாரி செய்வான்? 1994-இல் அமெரிக்க நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டில்தான் மைக்ரோசாஃப்ட் இந்த முறையைக் கைவிட்டது. அதற்குள் பழக்கம் வேரூன்றிவிட்டது. 1999 பிப்ரவரி 15-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் லினக்ஸ்காரர்கள் கூட்டமாக மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கே போய், "நாங்கள் பயன்படுத்தாத விண்டோஸுக்குக் காசைத் திருப்பிக் கொடு" என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் விற்றவனிடம் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார்கள்.

* * *

"அப்படியானால் பிரித்து விற்பதுதான் சரி, கட்டுரை முடிந்தது" என்று எழுதிவிடலாம். ஆனால் என் சொந்தக் கதை ஒன்று குறுக்கே நிற்கிறது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

2023-இல் காலேஜ் சேர்ந்தபோது நாகர்கோவிலில் ஒரு கடையில் லேப்டாப் பார்த்தோம். ஒரே மாடலில் இரண்டு விலை. விண்டோஸோடு ஒன்று, "டாஸ் மாடல்" இன்னொன்று. டாஸ் மாடல் என்றால் பேருக்கு ஃப்ரீடாஸ் போட்டு, விண்டோஸ் இல்லாமல் வருவது. வித்தியாசம் நாலாயிரம் ரூபாய். ஆக, பிரித்து விற்க முடியாது என்பது பொய். நம் ஊரிலேயே விற்கிறார்கள்.

நான் முழித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "டாஸ் எடுத்துக்கோ மக்கா. ஐநூறு தா, விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் நானே போட்டுத் தாரேன்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். மூவாயிரத்து ஐநூறு மிச்சம். எங்கள் வீட்டில் அது சின்னக் காசு இல்லை. சரி என்றேன்.

திருட்டு விண்டோஸ் என்று தெரிந்தேதான் சரி என்றேன். ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது செமஸ்டரில் ஒரு நாள் ஃபைல்கள் எல்லாம் பெயர் மாறிக் கிடந்தன. ஒன்றும் திறக்கவில்லை. அந்த உடைத்த விண்டோஸில் பாதுகாப்பு அப்டேட்களை எல்லாம் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மினி புராஜெக்ட் போயிற்று. அதைவிட, தாத்தா இறப்பதற்கு முன் போனில் எடுத்து இதில் ஏற்றி வைத்திருந்த படங்களும் போயின. அம்மாவிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை.

ஆக, பிரித்து விற்றால் நம் ஊரில் நடப்பது சுதந்திரம் அல்ல, பெரும்பாலும் ஐநூறு ரூபாய் சிடிதான் (இப்போது பென் டிரைவ்). சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு பெட்டியைத் திறந்தவுடன் ஓட வேண்டும். "கம்ப்யூட்டர் வாங்கியாச்சு, இனி ஆபரேட்டிங் சிஸ்டம் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றால் அது மெத்தை வாங்கினால் பஞ்சைத் தனியாகக் கொடுத்த மாதிரி. விலை வேறு இடிக்கிறது. விண்டோஸ் 10 வந்தபோது ஹோம் பதிப்பைத் தனியாக வாங்க இந்தியாவில் 7,999 ரூபாய். நான் பார்த்த வித்தியாசமோ நாலாயிரம். சேர்த்து வாங்கினால்தான் மலிவு.

ஐரோப்பிய நீதிமன்றமும் கிட்டத்தட்ட இப்படித்தான் சொன்னது. பிரான்சில் ஒருவர் 2008-இல் விஸ்டாவோடு ஒரு சோனி லேப்டாப் வாங்கினார். எனக்கு விஸ்டா வேண்டாம், காசைத் தா என்றார். லேப்டாப்பை மொத்தமாகத் திருப்பித் தா, முழுப் பணம் தருகிறோம் என்றது சோனி. வழக்கு ஏறி ஏறி 2016 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. சேர்த்து விற்பது மட்டுமே நியாயமற்ற வியாபாரம் ஆகாது, ஒவ்வொரு மென்பொருளின் விலையையும் தனித்தனியே காட்டாததும் வாங்குபவரை ஏமாற்றுவது ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் இத்தாலி வேறு மாதிரி. 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எச்பி வழக்கில், வேண்டாத இயங்குதளத்துக்குப் பணம் திரும்பப் பெற வாங்கியவருக்கு உரிமை உண்டு என்றது. 2020-இல் இன்னொரு வழக்கு. விண்டோஸுக்கான 42 யூரோவைத் திருப்பித் தருவதற்குப் பதில் கோர்ட் கோர்ட்டாக இழுத்த லெனோவாவுக்கு மோன்சா நீதிமன்றம் 20,000 யூரோ கட்டச் சொன்னது.

அந்த 42 யூரோ எனக்கு முக்கியமாகப் பட்டது. பெட்டிக்குள் எவ்வளவு விண்டோஸ் இருக்கிறது என்பதை வாங்கியவர் ஒருவர் தெரிந்துகொண்டுவிட்டார், பாருங்கள்!

ஆப்பிள் கதை தனி. அங்கே இரண்டையும் செய்வது ஒரே ஆள். 1995-இல் தன் இயங்குதளத்தை மற்ற நிறுவனங்களுக்கும் உரிமம் கொடுத்துப் பார்த்தது. 1997-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் அதை நிறுத்தினார். பிறகு சைஸ்டார் என்றொரு நிறுவனம் 2008-இல் சாதாரணப் பெட்டிகளில் மேக் இயங்குதளத்தைப் போட்டு விற்க, ஆப்பிள் வழக்குப் போட்டு 2009-இல் ஜெயித்தது. இதில் நான் ஆப்பிள் பக்கம்தான். தான் சமைத்த குழம்பை அடுத்தவன் ஹோட்டலில் விற்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நான் காசு கொடுத்து வாங்கிய தட்டில் என் வீட்டுச் சோற்றைப் போட்டுச் சாப்பிடுவதைத் தடுக்கவும் அவனுக்கு உரிமை கிடையாது.

* * *

நம் தமிழ்நாட்டில் இதற்கு ஒரு பெரிய பரிசோதனையே நடந்திருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம். அந்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு இயங்குதளம். டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழில் பட்டியல்கள், தமிழில் தட்டச்சு எல்லாம் உண்டு. போட்டவுடன் எது வேண்டும் என்று கேட்கும். இதைவிட நியாயமாக எப்படிக் கொடுக்க முடியும்?

என் அக்காவுக்கு ப்ளஸ் டூ படிக்கும்போது அது கிடைத்தது. அவள் இரண்டாவதை ஒரு நாளும் தொட்டதில்லை. அது என்னவென்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை. ஒரு வருடத்தில், படம் ஏற்ற இடம் வேண்டும் என்று தெரு முக்கில் ஒரு அண்ணன் பாஸை அழித்துக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு மட்டும் இல்லை, அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் தாண்டி களியக்காவிளை போனால் அந்தப் பக்கம் கேரளா. என்னோடு படிக்கிற பாறசாலைக்காரன் ஒருவன் இருக்கிறான். முதல் வருடம் லேபில் லினக்ஸ் என்றதும் நாங்கள் எல்லாம் பேயைப் பார்த்த மாதிரி விழிக்க, அவன் சர்வ சாதாரணமாகத் தட்டிக்கொண்டிருந்தான். "எட்டாங் கிளாஸ்லேயே இதானடா படிச்சோம்" என்றான். கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அரசுப் பள்ளிகளை கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடப் புத்தகம், பரீட்சை எல்லாமே அதில். அதே 2001 ஜூலையில்தான் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தார். எங்கள் ஊரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் நடந்த விஷயம்!

இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட்தான். இங்கே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளம் கொடுத்தும் ஒன்றுதான் வாழ்ந்தது. அங்கே சொல்லிக் கொடுத்ததால் இன்னொன்றும் வாழ்ந்தது. வட்டில் இருப்பது மட்டும் தேர்வு ஆகாது, அதைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால்தான் தேர்வு. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது தமிழக அரசே தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. சொன்னால் மட்டும் போதுமா? அதே சிக்கல் பத்து வருடம் கழித்து சித்தப்பா கடையில் வந்து நிற்கிறது.

* * *

சரி, அந்த மூன்று பெட்டிகள் என்ன ஆயின?

தீபாவளி லீவில் நானும் அந்தப் பாறசாலைக்காரனும் இரண்டு நாள் உட்கார்ந்தோம். இரண்டில் லினக்ஸ் போட்டோம். பிரவுசர் ஓடியது, விண்ணப்பங்கள் போயின. பிரிண்டர் ஒன்று உடனே வேலை செய்தது, இன்னொன்று அரை நாள் உயிரை வாங்கியது. பழைய ஸ்கேனர் கடைசி வரை மசியவில்லை. தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகையும் அதில் இருக்கிறது. கடையில் டைப் செய்கிற அக்கா பத்து நிமிடத்தில் பழகிவிட்டார்.

ஆனால் மூன்றாவதைத் தொட முடியவில்லை. பத்து வருட மனுக்கள், பத்திரங்கள் எல்லாம் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. யூனிகோடுக்கு மாற்றினால் அங்கங்கே எழுத்து உடைகிறது. வக்கீல் மனுவில் ஒரு எழுத்து உடைந்தால் சித்தப்பாவின் தலை உடையும். அதனால் அந்த ஒன்றை நெட்டைப் பிடுங்கிவிட்டு விண்டோஸ் 10-லேயே விட்டுவிட்டோம். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் லட்சம் ரூபாய் மிச்சம். குப்பைக்குப் போக இருந்த மூன்று பெட்டிகள் இன்னும் சோறு போடுகின்றன.

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். கட்டாயமாகப் பிரித்துத்தான் விற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சேர்த்தே விற்கட்டும், போட்டே கொடுக்கட்டும். ஆனால் மூன்று விஷயம் வேண்டும். பில்லில் இரண்டு வரி இருக்க வேண்டும், பெட்டிக்கு ஒன்று, இயங்குதளத்துக்கு ஒன்று. இரண்டாவது வேண்டாம் என்று சொல்கிறவனுக்கு அந்தப் பணத்தைக் கழித்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுகிற மாதிரி, இந்த இயங்குதளத்துக்கு எந்த வருடம் வரை ஆதரவு என்று பெட்டியின் மேலேயே அச்சடிக்க வேண்டும். இரும்பின் ஆயுள் வேறு, மென்பொருளின் ஆயுள் வேறு. இரண்டையும் ஒரே வரியில் எழுதுவதால்தான் ஒன்று செத்தால் மற்றதையும் சேர்த்துப் புதைக்கிறோம்.

போன மாதம் இன்னொரு வேலைக்காக சித்தப்பாவுக்கு ஒரு புது கம்ப்யூட்டர் வாங்க வேண்டி வந்தது. நானும் கூடப் போனேன். பில் போடும்போது சித்தப்பா கேட்டார்: "அண்ணாச்சி, இதுல விண்டோஸுக்கு எவ்வளவுன்னு தனியா எழுதித் தருவீளா?"

கடைக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருபது வருசமா விக்கேன். எனக்கே அது தெரியாது அண்ணாச்சி. கம்பெனி எங்களுக்கும் சொல்றதில்ல" என்றார்.

விற்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. தெரியாத ஒரு விலையை இத்தனை வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். முதலில் அதைத் தெரிந்துகொள்வோம். வேண்டுமா வேண்டாமா என்பது அதற்குப் பிறகு அவரவர் பாடு.